கேப்டனின் கேபினில் ஒரு வாடை

படகுத்துறையில் எல்லோரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கடற்படையில் இருந்ததில்லை. கப்பலில் வேலை பார்த்ததுமில்லை. ஓர் அலுவலகத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பழைய பைபர் படகு ஒன்றை வாங்கி, தங்க நிறப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டையும் தைத்துக்கொண்டார். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. கூப்பிடுகிறவர்கள் பாதிச் சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டார்கள். அவர் அந்த மடிப்பைக் கவனித்ததில்லை.

படகுக்குள் ஒரே ஒரு கேபின். இரண்டு பேர் படுக்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மூச்சு விடுவதை ஒத்திப்போட வேண்டும். கேப்டன் அதைச் 'சலூன்' என்பார். "முடி வெட்டிக்கவா மாமா வரச் சொன்னீங்க?" என்று மனைவியின் தம்பி கேட்டதிலிருந்து 'வரவேற்புக் கூடம்' என்று மாற்றிக்கொண்டார்.

அந்தக் கூடத்தில் ஒரு வாடை இருந்தது. மூட்டை கட்டி மறந்துபோன ஈரத்துணியைப் பிரித்தால் வருமே, அது. கேப்டனுக்குத் தெரியாது. பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்ததில் அவர் மூக்கு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது. தெரிந்தது மனைவிக்குத்தான். படியிறங்கி உள்ளே வந்ததும் கண் சிவந்து, நெஞ்சு இழுத்து, சற்று நேரத்தில் கரையேறிவிடுவாள்.

இந்த மழைக்காலம் முடிந்ததும் இருவருமாக ஆற்றோடு மேலே மூன்று வாரம் போவதாகப் பேச்சு. வேலையில் இருந்த காலமெல்லாம் டூர், மீட்டிங் என்று சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தவர் அவர். "ரிட்டயர் ஆனதும் சேர்ந்து போகலாம்" என்று வருஷா வருஷம் சொல்லியிருந்தார். அந்தப் 'போகலாம்' இப்போது வாசலில் வந்து நின்றது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் உள்ள படுத்துத் தூங்கிப் பாக்கறேன்," என்றாள் மனைவி. "மூச்சு ஒழுங்கா வந்தா கிளம்பலாம். இல்லன்னா நீங்க போயிட்டு வாங்க, நான் அக்கா வீட்டுல இருந்துக்கறேன். கோபத்துல சொல்லலை."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கும் மச்சினன் உதவிக்கு வந்தான். மெத்தைகளை மொட்டை வெயிலில் போட்டார்கள். அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரை இறைத்தார்கள். கண்ணில் பட்ட இடமெல்லாம் வினிகர் தெளித்து, ஊறவிட்டுத் துடைத்தார்கள். மூலைக்கு மூலை கரித்துண்டுப் பொட்டலம் வைத்தார்கள்.

"போயிடுச்சு," என்று அறிவித்தார் கேப்டன்.

"அப்படியே இருக்கு மாமா."

"எனக்கு வரலையே மாப்ள."

"உங்களுக்கு எப்படி வரும்? குறட்டை விடறவர்கிட்டயே குறட்டை கேக்குதான்னு கேட்டாப்ல இருக்கு." மச்சினன் சுவரோரமாக மோப்பம் பிடித்துக்கொண்டே போய், கருஞ்சிவப்புக் கம்பளத் துணி ஒட்டிய பலகைமுன் நின்றான். "இதுக்குப் பின்னால என்ன?"

"ஒண்ணுமில்ல." பதில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது.

அலுவலகத்தில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மேலதிகாரி வருகிறார் என்றால், ஈரம் பூத்த சுவருக்குப் பெயிண்ட். அடுத்த வருகைக்கு அது மீறிக்கொண்டு வந்தால், முன்னால் ஒரு பலகை. அப்புறம் பலகையும் நெளிந்தால் ஒரு திரைச்சீலை, ஒரு பூத்தொட்டி. வந்த அதிகாரிகள் அத்தனை பேரும் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். படகிலும் அதேதான். முதல் மழைக்குக் கறுப்புப் புள்ளிகள் வந்தன, பெயிண்ட் அடித்தார். மறுமழைக்குப் புள்ளிகள் திரும்பின; பலகை அடித்தார். பிறகு மனைவி மூக்கைச் சுருக்கினாள்; கம்பளம் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் 'மேம்பாடு' என்று பெயரும் வைத்தார்.

"கழட்டித்தான் ஆகணும் மாமா. உள்ள காத்தே போகலை. வெளியே துடைச்சா உள்ள இருக்கறதுக்குத் தெரியவா போகுது?"

"இது முழுக்கவும் என் டிசைன் மாப்ள."

"அதான் சொல்றேன்." திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு அவன் வேலைக்குக் கிளம்பினான்.

தனியாக உட்கார்ந்திருந்த கேப்டனின் கை எலுமிச்சை வாசனை ஸ்பிரே டப்பாவைத் தேடிப் பிடித்தது. ஒரு மத்தியானம்தானே, தாங்கும். இதைவிடப் பெரிய பெரிய ஆட்களையெல்லாம் சமாளித்திருக்கிறார். மூடியைத் திறந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெரிய ஆட்கள் யாரும் அங்கே தங்கவில்லை. பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு காரில் ஏறிப் போய்விட்டார்கள். இவள் மூன்று வாரம் இருக்கப் போகிறவள். அவளை ஏமாற்றி உள்ளே படுக்க வைத்தாலும், அந்த நெஞ்சை ஏமாற்ற முடியாது.

டப்பாவை மூடிவிட்டுத் திருப்புளியை எடுத்தார்.

கம்பளம் பிளாஸ்திரி மாதிரி சத்தத்தோடு உரிந்தது. பலகை டீயில் ஊறிய ரஸ்க்காக இருந்தது. அதற்கும் பின்னால், கொப்பளித்த பெயிண்ட்மேல், அவர் விலை கொடுத்து வாங்கிய கம்பளத்தைவிட அடர்த்தியாக ஒரு கறுப்புப் பூஞ்சை. அன்றைக்கு அவர் மூக்குக்கே உறைத்தது.

பிளீச்சிங் பவுடர் கரைத்து அடித்ததும் எல்லாம் பளிச்சென்று வெளுத்தது. மச்சினன் வந்து பார்த்தான். "வெளுத்தா செத்துடுச்சுன்னு அர்த்தமா மாமா? வேர் உள்ளேயே இருக்கு. சுரண்டுங்க."

சுரண்டினார். முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டு, வாரம் முழுக்கச் சுரண்டினார், பிளீச்சிங் பவுடர் போகக் கழுவிக் காயவிட்டு வினிகரால் துடைத்தார், ஜன்னல்களைத் திறந்துபோட்டு, மேசை விசிறியைச் சுழலவிட்டுக் காயவைத்தார். கேபின் குடலெடுத்த மீன் மாதிரி நின்றது. பக்கத்துப் படகுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன கேப்டன், கொள்ளைக்காரங்க வந்துட்டாங்களா?" என்றார். "ஆமா, உள்ளேயே இருந்திருக்காங்க," என்றார் கேப்டன். அவர் சொன்னதற்கு முழுச் சிரிப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு மத்தியானம் மனைவி வந்தாள். ஒயர்கள் தொங்கும் மொட்டைச் சுவரைச் சுற்றிப் பார்த்தாள். அழகு பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படுக்கையில் உட்கார்ந்து மெதுவாக மூச்சை இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க. தலைமாட்டுப் பக்கம்."

தலைமாட்டில் ஒரு பலகையை மட்டும் அவர் விட்டுவைத்திருந்தார். அதில் ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த பித்தளைத் தகடு: பெயர், பதவி, 'திறம்படப் பராமரித்தமைக்காக'.

"அது காஞ்சுதான் இருக்கு," என்றார்.

"பின்னால பாத்தீங்களா?"

"ஸ்குரூ துருப்பிடிச்சுப் போச்சு."

அவள் எழுந்து பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க திருகுங்க."

ஸ்குரூ உண்மையாகவே துருப்பிடித்துத்தான் இருந்தது. மூச்சுப்பிடித்துத் திருகிய பிறகு பலகை வந்தது; அதன் முதுகு முழுக்கக் கறுப்பு. பலகை கரைக்குப் போனது. தகடு மட்டும் கேப்டன் கையில் நின்றது. அவர் அதை எங்கே மாட்டலாம் என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

"குடுங்க இப்படி." வாங்கி, திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்த கூரை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தாள். அளவெடுத்துச் செய்தது மாதிரி நின்றது. காற்று உள்ளே இறங்கியது.

கேப்டன் அந்தச் சுவரையும் சுரண்டித் துடைத்து முடிக்கும்வரை மேல்தட்டில் காத்திருந்துவிட்டு, இறங்கி வந்து படுத்தாள். அவர் படியில் உட்கார்ந்து அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது இழுக்காமல், திக்காமல் போய் வந்தது. 'கிளம்பலாமா' என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"தண்ணிக் கேன் ஒண்ணு பத்தாதுங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "ரெண்டா வாங்கிப் போடுங்க."