திங்கட்கிழமை மாட்ட வேண்டிய டயோடு

“அந்த டயோடை எடுத்தது யாரு? அதை மட்டும் சொல்லு!”

“கத்தாதீங்கண்ணா, தெருவே கேக்குது.”

“கேக்கட்டும்! அப்பாவே போயிட்டாரு, இனிமே எவன் கேட்டா எனக்கென்ன?”

தெரு கேட்டதோ என்னவோ, நான் கேட்டேன். என் சமையலறை ஜன்னலுக்கும் அந்த அண்ணன் தங்கச்சியுடைய ரிப்பேர் கடைப் பின்கதவுக்கும் நடுவே ஒரு சந்துதான். வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் சாக்கில் உள்ளேயே போய்விட்டேன்.

மேசைமேல் அவர்கள் அப்பாவின் பெட்டி திறந்து கிடந்தது. மாடியில் படுக்கையிலிருந்த அவருக்கு மூச்சு மெஷின் ஓயக்கூடாது. கரண்ட் போனால் மெஷினை பேட்டரிக்கு மாற்றிவிட அண்ணன்காரன் தன் கையால் செய்த பெட்டி அது. உள்ளே ஒரு ரிலே, அதாவது சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இழுத்துக்கொள்ளும் சுவிட்சு. அதை இயக்குவது ஒரு குட்டி டிரான்சிஸ்டர். சுருள் இழுக்கும்போது சாது. மின்சாரத்தை நிறுத்தினால்தான் உதைக்கும். அந்த உதை பெரிய வோல்டேஜாக டிரான்சிஸ்டர்மேல் விழாமல், சுருளுக்குள்ளேயே சுற்றி ஆறட்டும் என்று குறுக்கே அரிசியளவு டயோடு ஒன்றைப் போடுவார்கள். பத்து வருடமாக அந்தக் கடை ஸ்டூலைத் தேய்க்கிறேன், இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

டயோடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. நாலு மாதமாகக் கரண்ட் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு உதை. தாங்கித் தாங்கிப் பார்த்த டிரான்சிஸ்டர் ஒருநாள் செத்தது. போன வியாழன் மத்தியானம் கரண்ட் போனபோது பெட்டி மெஷினை பேட்டரிக்கு மாற்றவில்லை. எச்சரிக்கை மணியும் அதே ரிலேயில்தான், அதுவும் அடிக்கவில்லை. தங்கச்சிக்காரி கீழே கடையில் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் செய்த பெட்டி இருக்கும்போது மாடியேறிப் பார்ப்பானேன்?

எடுத்தது யாரென்று எனக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால், தூசி துடைக்கப் பெட்டியைக் கீழே கொண்டுவந்திருந்த சனிக்கிழமை, நான் ஸ்டூலில்தான் இருந்தேன். மோட்டார் கன்ட்ரோல் பெட்டிக்கு வாடிக்கைக்காரர் வாசலில் பறந்துகொண்டிருந்தார். ஒரு டயோடு குறைந்தது. அண்ணன்காரன் அவரோடு பேசிக்கொண்டே அப்பா பெட்டியிலிருந்து ஒன்றை உருவினான்.

“அண்ணா, அது அப்பாவோடது.”

“திங்கக்கெழம புதுசு போட்டுக்கலாம். இப்ப என்ன, ஓடாமலா போகுது?”

ஓடியது. அதுதான் சனியன், டயோடு இல்லாமலும் கொஞ்ச நாள் ஓடும். ஒன்றில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அந்தக் கடையில் தும்முகிற மாதிரி. தும்மியதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? திங்கட்கிழமை வந்தது, போனது. இவளும் மறந்துபோனாள்.

“நீதான் எடுத்தியா?” என்றான் இப்போது.

அவள் என்னைப் பார்த்தாள். என் வாய் திறந்திருந்தது. வழக்கமாக அப்படித்தான் இருக்கும். அந்தப் பார்வையில் அது மூடிக்கொண்டது.

“ஆமாண்ணா. நான்தான்.”

அவன் அடிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தான். “இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடாத.”

அப்புறம் அவளைச் சந்தில் மடக்கினேன். “ஏன்டி, பைத்தியமா ஒனக்கு?”

“என்னைத் திட்டிக்கிட்டாவது இருப்பாருக்கா. தெரிஞ்சா, அவரு யாரைத் திட்டுவாரு?”

ஒரு விஷயத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்து எனக்குப் பழக்கமில்லை. இதை வைத்திருந்தேன், பல்வலி மாதிரி.

ஆறு மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பஸ் டிப்போவில் கிளார்க், வெளியூர். அண்ணன்காரன் போகவில்லை. அடுத்த வருடம் அவனும் கடையை ஒழித்துக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பினான். அவளுக்குத் தகவல் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். லாரி தெருமுனைக்குப் போனபோது அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தாள். லாரியின்மேல் பின்பக்கத்தில் அவன் அப்பாவின் கட்டிலைச் சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கூப்பிடவில்லை, எப்படிக் கூப்பிடுவாள்? பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏற, கட்டில் ஒருமுறை ஆடியது. அவன் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.