நாத்தனாருக்கு ஆகாத மருந்து

“அதை மேல் தட்டுல வெக்காதீங்க அண்ணி. கை தவறுனா நேரா தொட்டிக்குள்ளதான் விழும்.”

“அப்போ எங்க வெக்கிறது, உன் தலை மேலயா?”

“கீழ, கதவுக்குப் பக்கத்துல. பதட்டத்துல தேடுறப்போ கை முதல்ல அங்கதான் போகும்.”

அண்ணி சொன்னபடி வைத்தாள். வைத்துவிட்டு, ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி நின்ற இன்னொரு பாட்டிலையும் அதன் பக்கத்தில் வைத்து, “இதுவும் அதேதானே? ரெண்டு எதுக்கு?” என்று கேட்டாள். நாத்தனாரான நர்ஸ், காதில் விழாதவள் போல, ரப்பர் கிளவுஸ் போட்ட கையால் அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் அன்று சாப்பிட இடமில்லை. மீன் உடம்பில் வெள்ளைப்புள்ளி கண்டால் கொடுக்கும் செம்பு மருந்து, துடுப்பு அழுகினால் கொடுக்கும் பொடி, தண்ணீரில் அம்மோனியா ஏறினால் முறிக்கும் திரவம், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப், அதற்கான பேட்டரிகள், உதிரி ஹீட்டர், கரி, வலை, தண்ணீரைச் சோதிக்கும் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். பால்கனியில் மூடி போட்ட டிரம் நிறையக் கலந்து வைத்த உப்புத் தண்ணீர். சோபாவில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் இந்தச் சந்தையைத் திரும்பிப் பார்த்தான்.

“போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இந்த வீட்ல ஒரு மாத்திரை இல்ல.”

“நீங்க நல்லதண்ணி மீனு,” என்றாள் அண்ணி. “எப்படியும் தாங்குவீங்க.”

நர்ஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வந்தது. மார்புக்குள் யாரோ பலூனை ஊதி, முடிச்சுப் போடாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. சாயங்காலத்துக்குள் ஏஜென்சி அம்மா கூப்பிடுவாள். கடல் தாண்டிய அந்த ஆஸ்பத்திரியில் வேலைக்கு வருகிறாளா இல்லையா என்று கேட்பாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியின் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். நீண்ட வெள்ளைத் தாழ்வாரம், அதன் கோடியில் ஒரு ஜன்னல், ஜன்னல் முழுக்கக் கடல். அந்தத் தாழ்வாரத்தில் அவள் தூக்கத்தில் பலமுறை நடந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஜன்னலுக்கு ஓரெட்டு முன்னால் விழிப்பு வந்துவிடும்.

போகவிடாமல் பிடித்து இழுத்தது அண்ணனில்லை, ஐந்தடி நீளக் கண்ணாடித் தொட்டி.

கல்யாணமாகி வந்த அன்று அண்ணி ஒரு வேனில் துணிமணியும் இன்னொரு வேனில் கடலும் கொண்டுவந்தாள். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. தூசி மாதிரி இருக்கும் திருகாணியை இடுக்கியால் தூக்கிப் பழகிய விரல்கள். அதே இடுக்கியால் பவழங்களுக்கு ஒவ்வொரு வாயாகப் பார்த்து ஊட்டுவாள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. பெரியது மேடம், அதன் பின்னாலேயே ஓடுகிற சின்னது டிரைவர். முதுகில் சிவப்புக் கோடும் நீள வெள்ளை மீசையுமாக ஒரு இறால் உண்டு. மீன்களின் உடம்பையும் செவுளையும் வாயையும் சுத்தம் செய்வதுதான் அதன் பிழைப்பு. அதற்கு அண்ணி வைத்த பெயர் நாத்தனார். “எல்லார் வாய்க்குள்ளயும் தலையை விட்டுப் பாக்குதுல்ல, அதான்” என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். நர்ஸ் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம் ஒருநாள், அது சாப்பிட்டுதா என்று கேட்டாள். அங்கிருந்துதான் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் நர்ஸ் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோது கரண்ட் போய், நீல மீன் ஒன்று செத்துப்போனது. அண்ணி யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிடவுமில்லை. தொட்டியில் அது வழக்கமாக ஒதுங்கும் மூலையில் தினமும் கொஞ்சம் தீனி போட்டுக்கொண்டிருந்தாள் என்று அண்ணன் போனில் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் சரியாக இல்லை. இன்னொரு முறை அப்படி நடந்தால், அதுவும் அவள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது நடந்தால் என்ன ஆகும்? அதை நினைத்துத்தான் இத்தனை பாட்டிலும் வாங்கினாள். இன்று சாயங்காலம் வாயிலிருந்து எந்த வார்த்தை வரப்போகிறது என்பது இந்த அலமாரியைப் பொறுத்து இருந்தது.

அலமாரி என்பது பழைய செருப்பு ஸ்டாண்டு. கழுவித் துடைத்து, வார்டில் இருக்கும் அவசர டிராலி மாதிரியே அதை ஆக்கியிருந்தாள். டிராலியில் சிவப்பு டிராயர்தான் முதலில் திறப்பது. உயிர் போகிற நேரத்துச் சாமான் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டாண்டின் மேல் டிராயரிலும் சிவப்பு டேப் ஒட்டி, அதையே அண்ணிக்கும் பாடமாக்கியிருந்தாள். சிவப்பைப் பார்த்தால் யோசிக்கக் கூடாது, கை போய்விட வேண்டும். கடைசியாக மிச்சமிருந்தது செம்பு மருந்து. மீனுக்கு மருந்து, ஆனால் இறாலுக்கும் பவழத்துக்கும் விஷம். பெரிய தொட்டியில் ஒரு மூடி அளவு விழுந்தாலே போதும், அவை செத்துவிடும். சமையலறை மேடையில் காலியாக வைத்திருக்கும் சின்ன ஆஸ்பத்திரித் தொட்டிக்கு மட்டுமே அது. ஆபத்து என்று தெரிய வேண்டுமே என்று, கையிலிருந்த சிவப்பு டேப்பைக் கிழித்து அந்தப் பாட்டிலைச் சுற்றி அழுத்தி ஒட்டினாள்.

“சரி அண்ணி. நான் வீட்ல இல்லன்னு வெச்சுக்கோங்க. நான் வாயே திறக்க மாட்டேன்.”

“அது உன்னால முடியுமா?” என்றான் அண்ணன். அவன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலை செய்பவன். “பக்கத்து சீட்ல உக்காந்துகிட்டு பிரேக்ல கால் வெக்காம இருக்கிறது எவ்ளோ கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும்.”

நர்ஸ் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினாள்.

டிவி அணைந்தது; அண்ணன் ஐயோ என்றான். பம்பின் முனகல் நின்றது. எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்ததால் கேட்காமலே போய்விட்ட ஒரு சத்தம் நின்றபோது, வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. அண்ணி துள்ளி எழுந்தாள். சிவப்பு டிராயர், பேட்டரிப் பம்ப், குழாய், குமிழி விடும் காற்றுக் கல். கல் தொட்டிக்குள் இறங்கியதும் குமிழிகள் பொங்கி மேலே வந்தன. போர்வையை எடுத்துக் கண்ணாடியைச் சுற்றிப் போர்த்தி, சூடு இறங்காமல் இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள். முகம் பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல மின்னியது. நர்ஸுக்குள் பலூன் இன்னும் கொஞ்சம் பெரிதானது. ‘நான் போகலாம்’ என்று நினைத்தாள். அந்தத் தாழ்வாரத்தில் ஓடவே செய்யலாம் போலிருந்தது.

ஸ்விட்சை ஏற்றிவிட்டு வந்தபோது அண்ணி போர்வையை விலக்கிக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக் குனிந்திருந்தாள்.

“இதுவும் ஒத்திகையா?”

நர்ஸும் குனிந்தாள். டிரைவரின் துடுப்பில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் பொடி. மேடத்தின் வாலிலும் இரண்டொரு புள்ளி. டிரைவர் ஒரு கல்லில் போய் உடம்பைத் தேய்த்துக்கொண்டது. ஒத்திகை இல்லை. நர்ஸின் வாய் திறந்துவிட்டது; பிறகு அவளே மூடிக்கொண்டாள். வீட்டில் இல்லை என்றால் இல்லைதான். அங்கே போன பிறகு இது நடந்தால் யார் வாயைத் திறப்பது? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள்.

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பதில் வராது என்று புரிந்ததும் அலமாரிப் பக்கம் திரும்பினாள். கண் தட்டுத் தட்டாக ஓடி ஓரிடத்தில் நின்றது. சிவப்பு. கை யோசிக்காமல் போனது. போக வேண்டும் என்று பழக்கிய கை. செம்பு மருந்தை எடுத்தாள், மூடியைத் திருகினாள், பெரிய தொட்டிக்கு மேல் கொண்டுபோனாள்.

அப்போதுதான் நர்ஸுக்குத் தான் செய்தது உறைத்தது. ஒரே நிறத்தை ஓட வேண்டிய இடத்துக்கும் ஒட்டியிருக்கிறாள், ஓடக்கூடாத இடத்துக்கும் ஒட்டியிருக்கிறாள். வார்டில் இப்படி யாராவது செய்திருந்தால் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். வலது கால் தரையை அழுத்தியது, இல்லாத பிரேக்கை. சோபாவில் அண்ணனின் காலும் அதையே செய்துகொண்டிருந்தது.

எதைச் சேர்ப்பதானாலும் அண்ணிக்கு முதலில் தண்ணீரில் விரல் நனைக்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை. உள்ளே போவதற்கு முன் கதவைத் தட்டுவது மாதிரி. இப்போதும் இடது கை விரல்கள் இறங்கின. பாறை இடுக்கிலிருந்து வெள்ளை மீசை நீண்டது. நாத்தனார் தத்தித் தத்தி வந்து அவள் சுண்டுவிரலில் ஏறி, நகக்கண்ணைக் கொத்திச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது.

பாட்டில் சாய்ந்த நிலையிலேயே நின்றது.

“உனக்கு இது ஆகாதுல்ல,” என்றாள் அண்ணி, இறாலைப் பார்த்து.

மூடியைத் திருகிப் பாட்டிலை மேஜையின் அந்தக் கோடியில் வைத்தாள். அப்புறம் எல்லாம் நடந்தது. அதுவும் எப்படி நடந்தது! டிரம்மிலிருந்து வாளி வாளியாக உப்புத் தண்ணீர் சமையலறைக்குப் போனது. அண்ணன் ஈரத்தில் வழுக்கி, தூக்கிய வாளியைச் சிந்தாமல் உட்கார்ந்தான். அதற்காக அண்ணி அவனை மெச்சினாள். உதிரி ஹீட்டர், காற்றுக் கல், தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் படியட்டும் என்று இந்த நாளுக்காகவே பெரிய தொட்டியின் பின்னால் ஊறிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச், எல்லாம் வரிசையாக இறங்கின. டிரைவர் வலைக்குள் சுலபமாக வந்தது. மேடம் வலையைத் தொட்டி முழுக்க மூன்று முறை சுற்ற வைத்தது. செம்பு மருந்து சின்னத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அண்ணி கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, நிறத்தைப் பார்த்து, போதும் என்றாள். சரியாக இருந்தது. நர்ஸ் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

“இப்போ வீட்டுக்கு வரலாம் நீ,” என்றாள் அண்ணி.

“தப்பு என்னோடது அண்ணி. சிவப்பு டேப்பு…”

“தெரியுது. திட்டணும்னுதான் இருக்கேன், மூச்சு வாங்குது.” டேப்பை உரித்துப் போட்டுவிட்டு, பேனாவால் பாட்டில் மேல் மீசையோடு ஒரு இறால் வரைந்து குறுக்கே பெருக்கல் குறி போட்டாள். இறால் பார்க்கக் கரப்பான்பூச்சி மாதிரி இருந்தது. நர்ஸ் சிரித்தாள், சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எது எதனால் என்று பிரிக்க முடியவில்லை. அவளில்லாமலே எல்லாம் நடந்துவிட்டது. அவள் செய்த தப்பைக்கூட அவளில்லாமலே சரிசெய்துவிட்டார்கள். போகலாம், நிஜமாகவே போகலாம்.

பெரிய தொட்டியில் இனி கொஞ்ச காலத்துக்கு மீன் இல்லை. பவழங்கள் அசைந்தன. நடுவில் நாத்தனார் மட்டும் மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு, சுத்தம் செய்ய யாராவது கிடைப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மறுபடி விரல்களை உள்ளே விட்டாள்.

“எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு,” என்றாள் திரும்பாமல். “ஒரு வருஷத்துக்கு வரும் போல.”

மேஜை மேல் பேட்டரிகளுக்கு நடுவே நர்ஸின் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் ஏஜென்சி அம்மாவின் பெயர். அண்ணி எட்டிப் பார்த்துப் படித்தாள்; முகத்தில் ஆச்சரியம் இல்லை. அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

நர்ஸ் கை நீட்டினாள். கையில் இன்னும் ரப்பர் கிளவுஸ் இருந்தது. வார்டுப் பழக்கம், அது இல்லாமல் அவள் ஒருநாளும் அந்தத் தண்ணீரைத் தொட்டதில்லை.

“எடுக்கிறதுக்கு முன்னாடி,” என்றாள் அண்ணி, “அதைக் கழட்டிட்டு ஒரு தடவை கையை உள்ள விடேன். உன் பேரைத்தான் வெச்சிருக்கேன், உன் கிட்ட அது வந்ததே இல்ல.”

போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. தண்ணீருக்குள் அண்ணியின் விரல்களுக்குப் பக்கத்தில், வெள்ளை மீசைகள் நர்ஸ் நின்ற பக்கம் திரும்பி நின்றன.