ஆளுக்கொரு தட்டம்

மாப்பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்க மாட்டேன் என்று நான் சொன்னதும் என் கூடப்பிறந்த சூசைதாசன் அண்ணை இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தார்.

"அப்ப எங்கை வைச்சுப் பாக்கப் போறாய்?"

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் வராத இடத்திலை."

அது எண்பத்தாறாம் ஆண்டு. கோப்பன்ஹேகனில் எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் ஹ்விடோவ்ரேயில் ஒரு வீட்டில் தும்மினால் டோஸ்ட்ருப்பில் மருந்து சொல்லுவார்கள். அவர்கள் கண்ணில் படாத ஓரிடம் எனக்குத் தெரியும். வல்பியில் நான் துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பின்தெருவில் உள்ள ஜப்பானியச் சாப்பாட்டுக்கடை அது. ஆறே ஆறு மேசைகள். ஜப்பான்காரர் சமைப்பார், அவருடைய டேனிஷ் மனைவி கிர்ஸ்தன் பரிமாறுவாள். மத்தியானத்தில் ஒரே சாப்பாடுதான். ஆளுக்கொரு மரத்தட்டம் வரும். அதில் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் சூப்பு, உப்பிட்டுச் சுட்ட மக்ரேல் மீன் ஒரு துண்டு, கொஞ்சம் கீரை, முள்ளங்கி ஊறுகாய்.

வெள்ளிக்கிழமைகளில் வேலை ஒரு மணிக்கு முடியும். நேரே அங்கே போய்விடுவேன். வீட்டில் அண்ணையும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் சமைத்து, போட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டு, கடைசியில் சட்டியில் கிடப்பதை நான் குசினியில் நின்றபடியே வழித்துச் சாப்பிடுவேன். யாரும் என்னை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. அதுதான் கோபம். சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம்.

அந்தக் கடையில் மீனின் நடுத்துண்டு என்னுடையது. சோறு ஆவி பறக்க இருக்கும்போதே என்னுடையது. சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பேன். அதில் கடல்பாசி மிதக்கும். உப்பென்றோ புளிப்பென்றோ சொல்ல முடியாத, பெயர் தெரியாத ஒரு ருசி. முதல்நாள் பிடிக்கவில்லை. நாலாம் வெள்ளி அதற்காகவே போனேன்.

எனக்கு முப்பத்தொரு வயது. இது நாலாவது சம்பந்தம். படிப்பு, சீதனம், குடும்பம் எல்லாவற்றையும் அண்ணை பார்த்துக்கொண்டார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த ஆளோடும் நான் கடைசியாகச் சாப்பிடுகிறவளாகத்தான் இருக்கப்போகிறேனா? மாப்பிள்ளையைப் பார்க்கிற அன்று பின்னேரமே அண்ணைக்கு ஓமோ இல்லையோ சொல்லியாக வேண்டும்.

மாப்பிள்ளை லோரன்ஸ் யூலண்ட் பக்கத்து ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து விடியவே ரயில் ஏறி, ரயிலோடு கப்பலில் கடல் கடந்து அந்தக் கடைக்கு வந்திருந்தார். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மெலிந்த ஆள். கோட்டின் கை நீளம், இரவல் கோட்டாக இருக்க வேண்டும். சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத் தட்டத்தைப் பார்த்தார்.

"குழம்பு பிறகு வருமோ?"

"குழம்பு இல்லை. இவ்வளவுதான்."

சிரித்தார். சாப்பிடும் குச்சிகளை ஒருதரம் முயன்று பார்த்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். தொழிற்சாலைக் குளிர் பற்றி, தன் அறையில் கூட இருக்கும் தவராஜாவின் குறட்டை பற்றிக் கதைத்தார். பொய் இல்லாத கதை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேட்டபடி இருந்தேன். அவருடைய மீன் முடிந்தது. சோறு குறைந்தது. விடியத்திலிருந்து பட்டினி போலும்.

கிர்ஸ்தன் தேத்தண்ணீர் ஊற்ற வந்தவள் என் தட்டத்தைப் பார்த்து நின்றாள். "இன்றைக்கு உனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லையா, மேரி?" என்று டேனிஷில் கேட்டாள். "ஒரு சோறுகூட மிச்சம் வைக்கமாட்டாயே. எல்லாவற்றையும் அவருக்குக் கொடுத்துவிட்டாய்."

குனிந்து பார்த்தேன். என் மீன் அங்கே இல்லை. முள் அவருடைய தட்டத்தில் கிடந்தது. என் சோற்றில் பாதியும் அவருடைய கிண்ணத்துக்குள் போயிருந்தது. எப்போது எடுத்து வைத்தேன், "சோறு காணுமோ" என்று எப்போது கேட்டேன், எதுவும் நினைவில்லை. சூப்பு ஆறி அடியில் மண்டி படிந்திருந்தது. நான் ஒரு வாய்கூட வைத்திருக்கவில்லை.

எனக்குக் காது சுட்டது. அவர்மேல் வந்த கோபத்தைவிட என் கைமேல் வந்த கோபம் பெரிது. ஒரு ஆம்பிளை முன்னால் இருந்தால் போதும், கை தன்பாட்டில் வேலைக்குப் போய்விடுகிறது. நான் தேடி வைத்திருந்த ஒரே மேசையிலும் அது நடந்துவிட்டது.

"அவ சொன்னது விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"விளங்கினது." கரண்டியை வைத்தார். "நீங்கள் வைக்க நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்திட்டன். உங்கடை மீன் எண்டு யோசிக்கேல்லை."

"நானும் யோசிக்கேல்லை. அதுதான் எனக்குப் பயம். கலியாணம் கட்டினாலும் நான் இப்பிடித்தான் குசினிக்குள்ள நிண்டு சாப்பிடுவன். நீங்கள் கெட்டவர் எண்டதாலை இல்லை. ஒருத்தரும் யோசிக்காததாலை."

இப்படி எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையிடம் கதைத்திருக்க மாட்டாள். எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கையை உயர்த்திக் கிர்ஸ்தனைக் கூப்பிட்டார். தன் யூலண்ட் டேனிஷில், இன்னொரு தட்டம் வேண்டும், இவருக்கு மட்டும் என்றார். அது வந்ததும் தன்னுடையதை எடுத்துப் போகச் சொன்னார். இரண்டு கையையும் மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்கோ. நான் இருக்கிறன்."

சாப்பிட்டேன். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவது லேசில்லை. மீனின் ஒரு துண்டைப் பிரித்தபோது கை அவர் பக்கம் நீளப் பார்த்தது. திருப்பி வாய்க்குள் வைத்தேன். தோல் மொறுமொறுவென்று இருந்தது. பிறகு அவசரப்படவில்லை. சூப்பைத் தூக்கிக் குடித்தேன். கீரை, ஊறுகாய், சோறு என்று ஒவ்வொன்றாக முடித்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஊறுகாயின் கடைசித் துண்டில் இருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"என்ரை அம்மா சாப்பிட்டதை நான் ஒருநாளும் காணேல்லை."

நான் நிமிர்ந்தேன்.

"முப்பத்திமூண்டு வருசம். குசினிக்குள்ள எங்கையோ இருந்து சாப்பிட்டிருப்பா. நான் போய்ப் பாக்கேல்லை. போன மாரியிலை செத்துப்போனா."

அவருக்குக் கண் கலங்கியது. ஒளிக்கவில்லை. நான் அந்தத் துண்டையும் சாப்பிட்டேன். கிண்ணத்தில் ஒரு சோறுகூட இல்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் சமைத்து வைத்த சோற்றையும் மீன்கறியையும் சூடாக்கிக் கொண்டுவந்தேன்.

"என்ன மாதிரி? ஓமோ, இல்லையோ?" என்றார் அண்ணை, தன் சாப்பாட்டுப் பீங்கானை என் பக்கம் நீட்டியபடி.

அகப்பை அந்தப் பீங்கானை நோக்கித்தான் போனது. நடுவழியில் மறித்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்து, முதலில் எனக்குச் சோறு போட்டேன். மீனின் நடுத்துண்டை எடுத்து வைத்தேன். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றேன், ஒரு வாய் சாப்பிட்ட பிறகு.