டிரைவர்கள் உட்கார்ந்த அறை

ஆறு மணிக்குள் எங்கள் மூன்று கண்டெய்னர்களும் போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்குள் நுழைந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கப்பல் போய்விடும். கையுறைத் தொழிற்சாலையின் காண்ட்ராக்டும் போய்விடும். அந்தக் காண்ட்ராக்ட் இல்லாமல் எங்கள் லோரிக் கம்பெனி பிழைக்காது. நான் சுதர்சினி, லோரிகளை அனுப்புகிறவள். திட்டு வாங்குகிறவளும் நான்தான்.

ஐந்து மணிக்கு டிரைவர் வாசு போன் செய்தான்.

"அக்கா, ஒரு டேங்கர் கவுந்து கெடக்கு. நம்ம மூணு லோரியும் மாட்டிக்கிச்சு. வண்டியைத் திருப்பவும் முடியல லா."

முதலாளி திருச்செல்வம் வந்து என் மேசையருகே நின்றார்.

"ஜாமை ஆப்ல காட்டலையா?"

"நம்ம லோரி எங்க நிக்குதுன்னுதான் பாஸ் அது காட்டும்."

முன்பெல்லாம் வண்டி கொண்டு வந்தவர் கேட் பக்கத்து அறையில் டீ குடிப்பார். அடுத்து எடுக்கப் போகிறவர் எதிரில் உட்காருவார். சாவி கை மாறுவதற்குள் வழியிலுள்ள பள்ளம், ஜாம், போலீஸ் எல்லாம் பேசி முடிந்துவிடும். முதலாளிக்கு அது வெட்டி அரட்டை. அறையை டயர் ஸ்டோர் ஆக்கிப் பூட்டினார், லோரி சாவிகளுக்கு ஒரு பெட்டி மாட்டினார். டிரைவர்கள் ஓய்வெடுக்க வெயிலில் கொதிக்கிற லோரி சீட்தான் மிச்சம். வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஆறு மணி தாண்டியது. தொழிற்சாலையிலிருந்து மாதவி பேசினார்.

"உங்க பக்கத்து லோரிக் கம்பெனிக்குக் குடுத்த ரெண்டு கண்டெய்னரும் உள்ள போயிருச்சு சுதர்சினி. இனிமே எல்லாத்தையும் அவங்களுக்கே குடுக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க. சாரிம்மா."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. விஷயத்தைச் சொன்னதும் முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அவங்க லோரி மட்டும் எப்படிப் போச்சு? அதே ரோடுதானே?"

அப்போதுதான் பக்கிரிசாமி உள்ளே வந்தார். எங்கள் மூன்று லோரிகளும் கிளம்புவதற்குச் சற்று முன்பு துறைமுகத்திலிருந்து திரும்பிய எங்கள் டிரைவர்.

"அவங்க சுத்து வழியில போனாங்க பாஸ். நான் திரும்பி வர்றப்போ எதிர்ப்பக்கம் டேங்கர் கவுந்து கெடந்ததை நான்தான் சொன்னேன்."

"அவங்ககிட்டயா? நம்ம ஆளுங்ககிட்ட ஏன் சொல்லல?"

"நம்மாளுங்களை நான் பார்க்கவே இல்லையே. சாவியைப் பெட்டியில போட்டுட்டு நேரா அவங்க டிரைவர் ரூமுக்குப் போயிட்டேன். அங்க ஃபேன் இருக்கு, டீ இருக்கு. வழி எப்படின்னு கேட்டாங்க, சொன்னேன்."

"எப்போலேர்ந்து அங்க போறீங்க?"

"நீங்க அந்த ரூமைப் பூட்டின அன்னிலேர்ந்து பாஸ். எல்லாருந்தான் போறோம்."