ஆர்வமில்லாத இருபத்து மூன்று பேர்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையாகத்தான் பிறந்தது. துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல், தொழில்நுட்பத் தொழில்களில் ஆர்வம் உண்டா என்று கேட்கும் படிவத்தைக் கல்வி அலுவலகத்திலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இருபத்து மூன்று பேரும் ‘இல்லை’ என்று எழுதித் தந்தார்கள். அப்படியே அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாடு இன்னும் செமிக்கவில்லை.

2

‘விண்மீன்களைப் பார்த்தபடி யதுர்ஷிகா...’

[வெட்டிவிட்டேன். அந்த இருபத்து மூன்று பேரில் ஒருத்தியான அவள் பார்த்தது தண்ணீர் இறைக்கும் மோட்டரை. வீட்டு மோட்டரை மூன்று தரம் கழற்றியிருக்கிறாள். இரண்டு தரம் திருப்பிப் பூட்டியும் இருக்கிறாள்.]

பதினைந்து பேர் ‘உண்டு’ என்றால், அதே பாடசாலையில், பதினோராம் வகுப்புக்குப் பிறகு படிக்கும் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கும். இல்லாவிட்டால் அவள் கிளிநொச்சியில் விடுதியில் நின்று படிக்க வேண்டும். விடுதி என்றாலே அம்மா கமலாசனி மூன்று நாள் கதைக்கமாட்டா. பதினைந்து என்ற கணக்கைப் படிவம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை; பிரிவு வரக்கூடும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஆகவே படிவம் வந்த அன்று யதுர்ஷிகா துள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள்.

3

“என்ன போம் பிள்ளை?” படிவத்தைப் பார்த்து அம்மா கேட்டா. “எந்த நிறுவனம்?”

“நிறுவனம் இல்லையம்மா. ஆர்வம் இருக்கோ எண்டு கேட்டிருக்கினம்.”

“இல்லையெண்டு எழுது.”

“எனக்கு இருக்கே!”

“இருக்கெண்டா ஆர் தருவினம்? கோழி இருக்கோ எண்டு கேட்டாங்கள். ரெண்டு நிக்குதெண்டு உண்மையைச் சொன்னனான். கோழிக்கூடு, ஒண்டும் இல்லையெண்டு சொன்ன தங்கராசா வீட்டை போச்சு. அங்கை பன்ரெண்டு நிண்டது.”

(அடிக்குறிப்பு, அவசரத்தில் மேலே ஏறிவிட்டது: போர் முடிந்து மீள்குடியேறிய நாள்முதல் உதவி நிறுவனங்கள் இங்கே கொண்டுவந்த படிவங்களுக்கு அளவில்லை. இருப்பதை இல்லை என்பது இங்கே பொய்யல்ல, அனுபவம். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். என் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி வந்ததும் அப்படித்தான்.)

இவ்வளவு கெட்டிக்காரி அம்மா சொன்னபடி எழுதுவாளா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இல்லாதவர்களுக்குத்தானே தருவார்கள் என்று யோசித்து, அழகான கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். மற்ற வீடுகளிலும் இதே கதைதான்.

4

பிரிவு வேறு பாடசாலைக்குப் போகிறது என்ற செய்தியையும் நான்தான் வகுப்பில் வாசித்தேன். யதுர்ஷிகா எழும்பினாள்.

“சேர், எங்களிட்டை இல்லையெண்டபடியாத்தானே எங்களுக்குத் தரவேணும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அலுவலகத்தில் போய்க் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள், பெற்றோர் கையெழுத்தோடு பதினைந்து புதுப் படிவம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். யதுர்ஷிகாவும் வகுப்புத் தோழன் நிரஞ்சனும் சைக்கிளில் வீடு வீடாகப் போனார்கள். நிரஞ்சனுக்கு வாய் கொஞ்சம் நீளம்; அது முதன்முதலாகப் பயன்பட்டது. பதினாலு பேர் கையெழுத்து வைத்தார்கள். எட்டுப் பேருக்கு உண்மையாகவே ஆர்வமில்லையாம். அதையும் மதிக்கத்தானே வேண்டும்.

மிச்சம் ஒரு வீடு. கமலாசனி வீடு.

5

[முடிவு ஒன்று: கமலாசனி கண்ணீர் மல்க மகளைக் கட்டி... சீ, அவா அப்படிப்பட்ட ஆள் இல்லை.]

[முடிவு இரண்டு: யதுர்ஷிகா தானே அம்மாவின் கையெழுத்தைப் போட... அலுவலகம் என்னைத்தான் பிடிக்கும்.]

6

வெள்ளிக்கிழமை, மூன்று மணி. முற்றத்தில் நிற்கிறோம். படிவத்தை நீட்டியபடி யதுர்ஷிகா, பேனையோடு நான். கமலாசனி படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தா. பேனையை வாங்கவில்லை.

“தம்பி, நீங்கள் படிச்ச ஆள். இந்த முறை உண்மையைச் சொன்னாத் தருவினமோ?”

யதுர்ஷிகா என் வாயையே பார்க்கிறாள். ‘ஓம், தருவினம்’ என்று என் பதிலை இங்கே எழுதினேன், வெட்டிவிட்டேன். பதினைந்து கையெழுத்தும் கிடைத்த பிறகு, ‘பார்க்கலாம்’ என்றவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அவா கேட்டுக்கொண்டு நிற்கிறா. நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?