ரோஷ் மாஸ்டரின் இடது பக்கம்

போன செவ்வாய்க்கிழமை கெப்ஹார்ட் ரோஷை அடக்கம் செய்தோம். மறுநாள் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அவர் கதை வந்தது. இருபத்து மூன்று வருஷம் கார்ப் பந்தயம் ஓட்டியவர், கை கால் திடமாக இருக்கும்போதே, ஆப்பிள் மரம் வளர்க்க ஆசைப்பட்டுத் தானாகவே ஒதுங்கிக்கொண்டாராம். எழுதியவன் எவனோ, நன்றாக இருக்கட்டும். ஆப்பிள் மரத்தை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. தோட்ட வேலையெல்லாம் அவர் மனைவி வால்புர்காதான். அவராக ஒதுங்கவும் இல்லை. வண்டியிலிருந்து அவரை இறக்கிவிட்டது நான்.

என் பெயர் ஆல்வின் ஷ்டோட்ஸ். அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து போன மெக்கானிக். அந்தக் காலத்தில் பந்தய வண்டியில் இரண்டு பேர் போவோம். ஓட்டுகிறவருக்கு முன்னால் பார்க்கிற வேலை. மற்ற வேலையெல்லாம் பக்கத்தில் இருப்பவனுக்கு. பெட்ரோல் பம்பை அடிக்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், டயர் வெடித்தால் குதித்து மாற்ற வேண்டும், திரும்பிப் பார்த்து எவன் வருகிறான் என்று சொல்ல வேண்டும். சொல்வதென்றால் வாயால் அல்ல. எஞ்சின் போடும் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. தோளில் ஒரு தட்டு தட்டினால் பின்னால் ஆள் வருகிறான், இரண்டு தட்டினால் டயர் போகப்போகிறது. இவ்வளவுதான் எங்கள் பாஷை.

1903இல் முதன்முதலாக ஏறினேன். அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. பூட்டுத் தொழிலாளி மகன், சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்துவிட்டுக் காருக்கு வந்தவர். "பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ, ஆனா பம்பை விட்டுடாத" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. டானுஸ் காட்டுப் பந்தயத்தில் புழுதியும் எண்ணெயும் அப்பி, இறங்கியபோது எங்கள் இருவரில் யார் யார் என்று வால்புர்காவுக்கே தெரியவில்லை. என் கையில் பிரெட்ஸல் ரொட்டியைக் கொடுத்து, என் கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று, "அடியே, உன் புருஷன் இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்று கத்தினார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வயிறு வலிக்கிறது. எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை!

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்ல வேண்டும். 1908இல் பிரான்சில், கடற்கரை ஊர் ஒன்றில் பந்தயம். முதல் நாள் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டியவன் நான். நட்டை முறுக்கினேன், நட்டு கழலாமல் பிடிக்கிற காட்டர் பின்னைப் போட மறந்துவிட்டேன். மூன்றாம் சுற்றில் சக்கரம் எங்களுக்கு முன்னால் தனியாக ஓடியது. உயிர் பிழைத்தது புண்ணியம். மாஸ்டர் எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, பின் இல்லாத அச்சைக் குனிந்து பார்த்தார். பிறகு ஓடி வந்த பத்திரிகைக்காரர்களிடம், "என் தப்புதான். கல்லு மேல ஏத்திட்டேன்" என்றார். பதினைந்து நாள் அவரைக் கேலிப்படம் போட்டுக் கிழித்தார்கள். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு உலகப் போர் வந்தது. நாலு வருஷம் ஒரு ஜெனரலுக்குக் கார் ஓட்டினார். ஜெனரல் வழியெல்லாம் வாந்தி எடுத்தாராம், நாங்கள் தோற்றதற்கே அதுதான் காரணம் என்று மாஸ்டர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து மறுபடி மலையேற்றப் பந்தயங்கள். அப்போதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. ஒரு பயிற்சியின்போது சாலையோரம் நின்ற வைக்கோல் வண்டியைப் பார்த்து, "இங்க எப்படா கொட்டகை போட்டாங்க?" என்று கேட்டார்.

அடுத்த பந்தயத்தில் வளைவு வருவதற்கு முன்னால் அவர் தொடையில் தட்டினேன். இடது பக்கம் வளைந்தார். அடுத்ததற்கு முதுகில் தட்டினேன். வலது பக்கம் வளைந்தார். இப்படியே மூன்று வருஷம் ஓட்டினோம். ஏன் தட்டுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஏழு கோப்பை வாங்கினோம். ஊரெல்லாம், ரோஷுக்கு வயது ஏற ஏறக் கண் கூர்மையாகிறது என்றார்கள். நான் பீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

பிறகு அந்தச் சட்டம் வந்தது. மெக்கானிக்குகள் பலர் சாகிறார்களாம், இனிமேல் ஓட்டுகிறவர் மட்டும் போனால் போதுமாம். ஆனால் பக்கத்து இருக்கை மட்டும் இருக்க வேண்டுமாம், காலியாக! எந்த மேதாவி யோசித்தானோ. 1926 இலையுதிர் காலப் பந்தயத்துக்குத் தொழிற்சாலை அவருக்கு ஒரு புது வண்டி கொடுத்தது. வியாழக்கிழமை தனியாகப் பயிற்சிக்குப் போனார். நான் மேட்டில் நின்று பார்த்தேன். சாலை இடது பக்கம் திரும்பியது, மாஸ்டர் திரும்பவில்லை. நேராக முட்டைக்கோஸ் வயலுக்குள் போய்விட்டார்.

அடிபடவில்லை. ரேடியேட்டர் நிறைய இலைகளோடு திரும்பி வந்து, "சாயங்காலச் சமையலுக்கு ஆச்சு" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். கூட்டம் கலைந்ததும், குழாயடியில் சேற்றைக் கழுவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"காலையில நாகெல் உன்னைக் கூப்பிடுவான். பிரேக் வலது பக்கம் இழுத்துச்சுன்னு சொல்லிடு."

நாகெல் என்பவர் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவு மேலாளர்.

"இழுக்கலையே, மாஸ்டர். நானே ரெண்டு தடவை பார்த்தேன்."

"இழுத்துச்சுன்னு சொல்லுடான்னா. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு வண்டி வேணும். ஒரே ஒரு பந்தயம்."

"ஞாயித்துக்கிழமை அந்த வளைவுல வெறும் முட்டைக்கோஸ் இல்ல. ஜனம் நிக்கும்."

தண்ணீரை நிறுத்தினார். "இத்தனை வருஷத்துல உன்கிட்ட நான் எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. காட்டர் பின்னைப் பற்றி அப்போதும் அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

அன்று எனக்குத் தூக்கம் எங்கே வந்தது? பிரேக் கெட்டிருந்தது என்று சொன்னால் பழி என் மேல், வேலை போகும். அதைப் பற்றியும் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் பொய். ஆனால் அது தாங்கக்கூடியது, ஒரு சைக்கிள் கடை வைத்துப் பிழைத்துக்கொள்வேன். பிரேக் நன்றாக இருந்தது என்று சொன்னால், என்னைக் காப்பாற்றிய மனுஷனை நானே ஊர் முன்னால் கவிழ்த்தவன் ஆவேன்.

காலையில் நாகெலின் மாடி அறையில் நின்றோம். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். மேஜை மேல், பிரேக்கைச் சோதித்ததாக நான் கையெழுத்துப் போட்ட வேலைச்சீட்டு இருந்தது.

"ஷ்டோட்ஸ், பிரேக் வலது பக்கம் இழுத்ததுன்னு ரோஷ் சொல்றார். உண்மையா?"

"பிரேக் நல்லா இருந்துச்சு, ஐயா" என்றேன்.

"நல்லா இருந்துச்சுன்னா, வண்டி ஏன் திரும்பல?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாகெல் என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், வைத்தார்.

"ஓட்டினவன் தப்பு," என்றார் மாஸ்டர், ஜன்னலிலிருந்து திரும்பாமல். "அப்படியே எழுதிக்குங்க. ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆளைப் போடுங்க. சின்னப் பையன் எவனாவது துடிச்சிட்டு இருப்பான்."

வெளியே வந்தோம். மாடியிலிருந்து இறங்க இரும்புப் படிக்கட்டு. நான் முன்னால் போனேன், முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இரண்டாவது படியில் என் தோள் மேல் அவர் கை விழுந்தது. மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த படியில் கை இறுகியது. அதற்கடுத்த படியில் அவர் பூட்ஸ் விளிம்பைத் தேடித் துழாவும் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இன்னும் எத்தனை படிடா?" என்றார்.

"ஒன்பது, மாஸ்டர்."

கேட்டுவிட்டார். மூன்று வருஷமாகக் கேட்காத மனுஷன் கேட்டுவிட்டார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவர் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் நன்றாகவே அழுதேன். எட்டு, ஏழு என்று எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

"மூக்கை உறிஞ்சாதடா," என்றார் மாஸ்டர். "காது இன்னும் போகல எனக்கு."