செருப்பு விடும் இடம் வளர்ந்த வீடு

நியூ ஜெர்சியின் ஐசலினில் ஏசுராஜ் வீட்டில் செருப்பு விடும் இடம் வளர்ந்தது. குடிவந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குள் ஒரு சோபா போடும் அளவு, அடுத்த ஈஸ்டருக்குள் இரண்டு. மற்ற அறைகள் கட்டியபோது இருந்த அளவிலேயே இருந்தன.

வீட்டை வரைந்தவர் ஒராசியோ பெத்ரிகோலா. மனிதர்கள் மனம்விட்டுப் பேசும் இடத்தில் சுவர் தானாக விலகிக் கொடுக்கும் என்று இளவயதிலேயே புத்தகம் எழுதியவர். சொந்த ஊரான மிலான் விழுந்து விழுந்து சிரித்தது. நியூ ஜெர்சிக் கல்லூரி ஒன்று சிரிக்காமல் வேலை கொடுத்தது. கிழவராகும்வரை அங்கே அதையே பாடமாக நடத்தினார். அவர் கட்டிய வீடுகள் எல்லாம் கொள்ளை அழகு, ஒன்றுகூட விரலளவு வளரவில்லை. வாழ்நாளெல்லாம் பொய்யைத்தான் கற்றுக்கொடுத்தோமோ என்ற பயம் அவரை அரித்தது. ஏசுராஜ் வீடுதான் கடைசி முயற்சி, அதுவும் அசையாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மிலானுக்கே போய்விடுவது என்றிருந்தார். அதனால் பேச்சுக்கென்றே பெரிய ஹால் வைத்தார். செருப்பு விடும் வாசலுக்கு மிச்சமிருந்த இடம்தான் கிடைத்தது.

மாதாமாதம் டேப்போடு வந்து ஹாலை அளந்தார். வாசலை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஹாலில் வீட்டுக் கடனையும் கிரீன் கார்டையும் பேசிவிட்டு எழுந்துகொள்வார்கள். பிறகு ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு, யார் மகள் யாரைக் காதலிக்கிறாள் என்பதை வாசலில் நின்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். இடம் பெரிதாவதைக் கண்டு ஏசுராஜின் மனைவி கிருபாராணி இன்னொரு செருப்பு ஸ்டாண்ட் வாங்கினாள்.

ஹால் அசையவே இல்லை. மிலானுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஒராசியோ கடைசியாக வந்தார். கற்றுவைத்திருந்த தமிழில் "போறேன்" என்றார்.

"ஐயோ, அப்படிச் சொல்லக் கூடாது அங்கிள். போயிட்டு வரேன்னு சொல்லணும்."

ஏன் என்று அவர் கேட்க, கிருபாராணி சொல்ல, ஏசுராஜ் திருத்த, வாசலுக்கே டீ வந்தது. ஒராசியோ தன் பயத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் ஒரு முழம் நகர்ந்தது. திரும்பிப் பார்த்து, இது எப்போதிலிருந்து என்று கேட்டார்.

"குடிவந்ததுலேர்ந்தே இப்படித்தான் அங்கிள். நீங்க டிசைன் பண்ணதுன்னு நினைச்சோம்," என்றார் ஏசுராஜ்.

ஒராசியோ சுவரைக் கட்டிக்கொண்டு அழுதார். சந்தோஷம்தான்.

"அங்கிள், யுவர் ஃப்ளைட் லெஃப்ட்," என்றாள் ஏசுராஜின் மகள் ஃபெபி, போனைப் பார்த்தபடி.

"போயிட்டு வரேன்," என்றார் அவர், மூன்றாம் முறையாக, ஒரு காலில் ஷூவோடு. அது போன வருஷம். இன்னும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார். இடம் தாராளமாக இருப்பதால் கிருபாராணி அங்கேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.